பழசு வேண்டாம், இந்து

“தம்பிக்கா சார்?” என்று கடைக்காரன் கேட்டான். என்னை இல்லை. என் தோளுக்கு மேலாக, குழந்தையை நெஞ்சோடு பையில் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்து. ஆறு கோர் பிராசஸரில் எது இருக்கிறது என்று கேட்டவள் நான். அதற்கு ஒத்துவரும் மதர்போர்டு எது, இரண்டு ராம் போட இடம் இருக்கிறதா, நாலு இருக்கிறதா என்று கேட்டவள் நான். பதில் மட்டும் என் தலைக்கு மேலே பறந்து இவர் காதில் போய் உட்காருகிறது. “கேமிங்னா சொல்லுங்க சார், கலர் கலரா லைட்டு எரியுற கேபினட் இருக்கு, தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்.” எந்தத் தம்பிக்கு? எனக்கு முப்பத்தோரு வயதாகிறது. இந்த ரிச்சி தெருவுக்குக் கல்லூரி படிக்கும்போதே வர ஆரம்பித்தவள் நான், இந்தக் கடை அப்போது செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தது, இவனுக்கு மீசை முளைத்திருக்காது. இவரோ சிரிக்கிறார். “இல்லைங்க, வீட்ல அவங்களுக்குத்தான்” என்கிறார், எனக்கு ஏதோ தலைசுற்றல் வியாதி என்று டாக்டரிடம் சொல்வதுபோல. கடைக்காரன் இப்போதுதான் என்னைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு, “ஓ, மேடம் விளையாடுவாங்களா?” என்று மறுபடி இவரிடமே கேட்கிறான். விளையாடுவாங்க. நல்லா விளையாடுவாங்க. நீ ஒளிந்துகொண்டிருக்கும் சுவரைத் தாண்டி உன் காலடிச் சத்தத்தை வைத்தே நீ எங்கே நிற்கிறாய் என்று கண்டுபிடித்துச் சுடுவாங்க. சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம், சந்து முழுக்க ஆட்கள், மேலே ஏதோ ஒரு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி என் பின்கழுத்தில் விழுகிறது, குழந்தை பால் குடித்து நேரமாகிவிட்டது என்பதை அவளுக்கு முன்னால் என் மார்பு சொல்கிறது. “எஸ்எம்பிஎஸ் தனியா வேணும்” என்றேன். “கேபினட்டோடயே ஃப்ரீயா வருது மேடம்.” அதுதான் வேண்டாம் என்கிறேன். இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் ஒருநாள் டப்பென்று போகும், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்டு தருகிற பெட்டி அது, அதில் போய் மிச்சம் பிடிப்பார்களா? “ஃப்ரீயாத்தானே தர்றாங்க இந்து” என்கிறார் இவர் மெல்ல. நல்லவர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், உன் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார் பார்.

நானே சேர்த்துச் சேர்த்து வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மாதம் பிராசஸர், அடுத்த இரண்டு மாதம் பட்டினி, பிறகு மதர்போர்டு என்று கட்டியது. வெள்ளை கேபினட். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு ரெட்டைவால் குருவியை நானே வரைந்து வெட்டி ஒட்டியிருந்தேன், ஏனென்றால் விளையாட்டில் என் பெயர் கரிச்சான். பருந்தையே துரத்துகிற சின்னக் கறுப்புப் பறவை. ஆன்லைனில் என்னோடு ஒரே அணியில் ஆடும் ரெஜினாவுக்கு இன்றுவரை நான் இந்துஜா இல்லை, கரிச்சான்தான். அவள் கோயம்புத்தூரில் நர்ஸ், நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் எனக்கு மசக்கை என்று என் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும், ஆட்டத்துக்கு நடுவில் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஹெட்போனை மாட்டியவளிடம், “அடியே, நாள் தள்ளிப் போயிருக்கா?” என்று கேட்டாள், அணியின் மற்ற மூன்று பையன்களும் கப்சிப். கல்யாணமாகி பெரம்பூர் வந்தபோது கட்டில், பீரோவோடு அந்த வெள்ளைப் பெட்டியும் வந்தது. பிரசவத்துக்குத் திண்டிவனம் போய், குழந்தையோடு திரும்பி வந்த அன்று, ஆரத்தித் தட்டைத் தாண்டி அறைக்குள் போனால், மேஜை மேல் தூசியில் நாலு கால் தடம். அவ்வளவுதான். “அம்மா ஆரணி மாமா பையனுக்குக் குடுத்துட்டாங்க. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை. நான் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள ஏத்தி விட்டுட்டாங்க” என்றார் இவர். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் அதை வருத்தம் என்று நினைத்தேன். அத்தையிடம் போய்க் கேட்டேன். அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. “போனது போகட்டும்மா, பிள்ளைய கவனி.” போனது போகட்டும்! யாருடையது போனது? அன்றிலிருந்து அந்த அம்மாள் போட்ட காபியை நான் குடிப்பதில்லை. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். குழந்தையைக் குளிப்பாட்ட மனையில் காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு காத்திருந்தவரின் எதிரில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். மானிட்டரை மட்டும் ஏன் கொடுக்கவில்லை? படிக்கிற பிள்ளை மானிட்டர் இல்லாமல் எப்படிப் படிக்கும்? மானிட்டர் ஹாலில் இருக்கிறது, இவர் அதில் கிரிக்கெட் பார்க்கிறார். ஆரணிக்கு ஃபோன் போட்டுக் கேட்கலாம்தான், கேட்டால் திருப்பிக் கேட்பதுபோல ஆகிவிடும், படிக்கிற பிள்ளையின் பொருளைப் பிடுங்குகிறாள் என்பார்கள்.

போனஸ் வந்தது. அதில் முப்பத்தைந்தாயிரத்தை எடுத்து வைத்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. அதற்குள் முடிக்க வேண்டும். ராம் பதினாறு ஜிபி, எட்டு எட்டாக இரண்டு, ஒரே பதினாறாகப் போட்டால் வேகம் பாதி. எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி சின்னது போதும், விளையாடுவது ஒரே ஒரு விளையாட்டு. கேபினட் எதுவானாலும் சரி, காற்று போனால் போதும், எரிகிற லைட்டு எனக்கு எதற்கு. மிச்சம் பிடித்ததையெல்லாம் விளையாட்டின் படத்தை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டில் போட்டாலும் புதிய கார்டு எட்டாது, எட்டுகிற புதிய கார்டு எதற்கும் ஆகாது. ஆகவே பழைய கார்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய நல்ல கார்டு, யாராவது புதுசு வாங்குவதற்காகத் தள்ளிவிட்டது. கணக்கு இவ்வளவுதான். காலையிலிருந்து இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவரும் காலையிலிருந்து ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “பழசு வேண்டாம், இந்து. புதுசாவே வாங்கிக்கோ. குறையறத நான் போடுறேன்.” யார், இவரா? பழைய செருப்பை மூன்று முறை தைத்துப் போடுகிறவர். கறிவேப்பிலை சும்மா தராத கடையில் காய் வாங்காதவர். ஃப்ரீயாகத்தானே தருகிறார்கள் என்று இப்போது சொன்ன அதே வாய். எனக்கு ஒரு நிமிடம் இரக்கம் வந்தது என்பதும் உண்மை, பாவம், அவர் அம்மா செய்ததற்கு இவர் ஈடு கட்டப் பார்க்கிறார் என்று. அடுத்த நிமிடமே அந்தப் பாவத்தின் மேல் எரிச்சல். ஈடு கட்டுகிறவர் அன்றைக்கே ஆரணிக்கு ஒரு நடை போய்த் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே. பிராசஸர், போர்டு, ராம், நல்ல எஸ்எம்பிஎஸ், மொட்டைக் கறுப்பு கேபினட் எல்லாவற்றையும் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். “பழைய கார்டுக்கு மாடியில நவாஸ் பாய் கடைதான்” என்று கடைக்காரன் சொன்னான், இவரைப் பார்த்து. “வேற எங்கயாவது பாக்கலாம்” என்றார் இவர். எங்கே? “இல்ல, மாடிப்படி ரொம்பக் குறுகல். பாப்பாவோட ஏற முடியாது. நான் கீழயே நிக்கிறேன்.” நில்லுங்கள். யார் ஏறச் சொன்னது?

படி குறுகல்தான், சுவரெல்லாம் வெற்றிலை எச்சில், மேலிருந்து சாலிடரிங் புகை. ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு வந்த வலி. என் பயம் முழங்கால் இல்லை, கை. குழந்தைக்கு நகம் வெட்டும்போது பார்க்கிறேன், முன்பு கண் பார்த்ததும் விரல் போகும், இப்போது கண் பார்க்கிறது, எங்கோ ஒரு சின்ன தயக்கம், பிறகுதான் விரல். தூக்கம் இல்லாததால் என்று ரெஜினா சொல்கிறாள். “உன் இடத்துல யாரையும் போடலடி, நாலு பேராவே தோத்துக்கிட்டு இருக்கோம், வந்து சேரு.” வந்து சேர்ந்த பிறகு நானும் தோற்றால்? இத்தனை சண்டை போட்டு, ஒரு வீட்டில் ஒருத்தியோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்து, இந்தப் பெட்டியை வாங்கி உட்கார்ந்தால், கரிச்சான் செத்துப்போய் வெறும் பெயர் மட்டும் மிச்சமிருந்தால்? அப்போது இவர் சொல்ல வேண்டியதே இல்லை, சும்மா நின்று பார்த்தாலே போதும். நவாஸ் பாய் கடை ஒரு பீரோ அகலம். தாடி வைத்த, கண்ணாடி போட்ட ஆள், நான் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தே திருப்பிக் கேட்டார், “எந்த கேமுக்கும்மா? மானிட்டர் என்ன சைஸ்?” இரண்டே கேள்வி. காலையிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட முதல் இரண்டு கேள்விகள். கார்டை எடுத்து முன்னால் வைத்தார். தூக்கிப் பார்த்தேன், விசிறியை விரலால் சுற்றிவிட்டேன், உரசல் இல்லை. ஸ்க்ரூ தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். “பிட்காயின் காசு எடுக்கறதுக்காக ராப்பகலா ஓட்டின கார்டா பாய்?” “இல்லம்மா, வீட்டு கார்டு. வேணும்னா மாட்டிக் காட்டுறேன், எவ்ளோ நேரம் வேணாலும் ஓட்டிப் பாத்துக்கோ.” மாட்டினார். திரையில் கோபுரம் கோபுரமாக ஏதோ சுழன்றது. அப்போது கீழே குழந்தை அழுதாள்.

அழுகை படியேறி வந்தது, அதோடு இவரும் வந்தார், வேறு வழியில்லாமல், வியர்த்து, பக்கவாட்டில் திரும்பித் திரும்பி. நவாஸ் பாய் நிமிர்ந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. “அட, வாங்க சார்! நல்லா இருக்கீங்களா? குழந்தை பொறந்துடுச்சா? மாஷா அல்லா.” பாய் என் பக்கம் திரும்பினார். “சார் போன வருஷம் ஒரு பெட்டி கொண்டாந்தாரும்மா, வெள்ளை கேபினட். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், அப்படித் துடைச்சு வெச்ச சிஸ்டத்த பாத்ததில்ல. உள்ள ஒரு வயரு கூட கோணலா இல்ல. கண்ணாடியில என்னமோ குருவி ஒட்டியிருந்துச்சு, கிழிக்க மனசு வரல, அப்படியேதான் வித்தேன். சார்தான் சொன்னாரு, குழந்தை வரப்போவுது, வீட்ல இடம் வேணும்னு.” என்னிடம் குழந்தை வந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியவில்லை, பையின் வார் இவர் தோளிலேயே தொங்கியது. ஆரணி என்று நினைத்தேன். ஆரணி, படிக்கிற பிள்ளை, மானிட்டர், கிரிக்கெட், குனிந்த தலை, அரைக்கீரை, நிமிராத அந்த அம்மாள், கையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், எண்ணெய் விரல் வழியாகத் தரையில் சொட்டியதை நான் கதவைச் சாத்தும் முன் பார்த்தேனே. இவர். இவர்தான். இவன். மனசுக்குள் அந்த ஒரு எழுத்து மாறிய சத்தம் எனக்கே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து, தனியாக இருக்கும்போதுகூட, கனவில்கூட, நான் இவனை இவர் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

“ஆரணின்னீங்க” என்றேன். “வீட்டுக்குப் போய் பேசலாம் இந்து.” “உங்க அம்மா குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்க.” “இந்து, இங்க வேண்டாம்.” “நீ இங்கயே பேசு” என்றேன். நீ. வெளியிலும் வந்துவிட்டது. நவாஸ் பாய்க்குச் சட்டென்று அலமாரியில் தேட வேண்டியது ஏதோ இருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டார். என் கணவன் சபரிநாதன் படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், அவள் அழுவதை நிறுத்திவிட்டு இவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ உள்ள ஹெட்போன மாட்டிக்கிட்டு சிரிப்ப” என்றான். குரல் உடைந்து வந்தது. “அப்படிச் சிரிப்ப. நான் ஹால்ல உக்காந்திருப்பேன். கல்யாணம் ஆனதுல இருந்து அந்தச் சிரிப்ப நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கேட்டிருக்கேன். என்கிட்ட ஒரு தடவகூட நீ அப்படி... குழந்தை வந்தாலாவது மாறும்னு பாத்தேன். அந்தப் பெட்டி இருந்தா மாறாதுன்னு தோணுச்சு.” உண்மை சொல்கிறான். அது தெரிகிறது, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. பொய் சொல்லியிருந்தால் அறைந்துவிட்டுப் போயிருக்கலாம். “கதவு பூட்டியா இருந்துச்சு?” என்று கேட்டேன். “சொல்லு. ஒரு நாளாவது தாழ்ப்பாள் போட்டிருக்கேனா? உள்ள வந்து என்னடி சிரிக்கிறன்னு கேட்டிருக்கலாம்ல? ஒரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தா என்ன?” இவன் பையின் வாரைச் சரிசெய்தான். விற்காதே என்று சண்டை போட்டிருப்பேன், விளையாடாதே என்று சொல்லியிருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன், சண்டை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பது, இவன் எதிரே நிற்கவே இல்லை. வயசான ஒருத்தியைத் தள்ளி முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான் மாதக்கணக்கில் தப்பான ஆளைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். கார்டு ஓடிக்கொண்டே இருந்தது. விசிறி இரைய ஆரம்பித்தது, ஓடட்டும். எழுந்து போய்விடலாம், இப்படியே எழும்பூர் போய் திண்டிவனத்துக்கு ரயில் ஏறலாம், அம்மா என்னடி என்று கேட்பாள், கம்ப்யூட்டரை வித்துட்டார்ம்மா என்பேன், இதுக்கா வந்த என்பாள். இதற்குத்தான். இது ஒரு பெட்டி இல்லை என்று எந்த மொழியில் யாருக்குச் சொல்வது? குடிக்கவில்லை, அடிக்கவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக வருகிறான், என் சிரிப்பைக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறான், ஊரே இவன் பக்கம்தான் நிற்கும். எனக்குள்ளேயே ஒருத்தி அந்தப் பக்கம் போகப் பார்க்கிறாள், ஹாலில் ஃபேனுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் இவனை எனக்குக் காட்டுகிறாள், பார், பாவம் இல்லையா. பாவம்தான். பாவமாக இருப்பவன் பொய் சொல்லக் கூடாதென்று சட்டம் இல்லை, பொய் சொன்னவன்மேல் கோபப்படக் கூடாதென்றும் சட்டம் இல்லை. குழந்தை குடித்து முடித்துத் தூங்கிவிட்டாள். திரையில் கார்டின் சூட்டைக் காட்டும் எண் ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. நல்ல கார்டு. “எடுத்துக்கறேன் பாய்” என்றேன். “தப்பா எதாவது சொல்லிட்டேனாம்மா?” என்று கேட்டார் அவர், என்னைப் பார்த்துத்தான். “நீங்க ஒருத்தர்தான் பாய் சரியா சொன்னீங்க.” இவன் பர்ஸை எடுத்தான். “உள்ள வை” என்றேன். வைத்தான்.

ஆட்டோவில் இவன் மடியில் கேபினட் பெட்டி, அதன்மேல் மதர்போர்டு, அதன்மேல் தாடை. என் மடியில் குழந்தை, கையில் கார்டு. எலும்பு முறிந்த கையைத் தாங்குவதுபோல ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவன் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “அம்மா மேல தப்பே இல்ல” என்றான் திடீரென்று. இப்போது சொல்கிறான். ஃபோனை எடுத்தேன். அத்தையை நானாகக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று, அழைப்புப் பட்டியலில் எங்கோ கீழே போயிருந்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். “என்னம்மா, பாப்பாவுக்கு என்ன?” பாப்பாவுக்கு ஏதாவது ஆனால்தான் நான் கூப்பிடுவேன் என்று ஆகியிருக்கிறது. “பாப்பா தூங்குறா. அத்தை, கம்ப்யூட்டர வித்தது உங்க பையன்.” குக்கர் விசில் அடித்தது, அடுப்பை அணைக்கும் சத்தம். “தெரிஞ்சிடுச்சா” என்றார். “ஏன் அத்தை சொல்லல? உங்கள நான் எப்படி நடத்தினேன்? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” குக்கரை இறக்கி வைக்கும் சத்தம். “அவன் மேல கோபம் வந்தா நீ திண்டிவனம் போயிடுவ. என் மேல வந்தா வீட்டுக்குள்ளயே இருப்ப. அதான் சும்மா இருந்தேன்” என்றார். புரசைவாக்கம் சிக்னலில் ஆட்டோ நின்றது, சுற்றிலும் ஹாரன். இவனுக்கும் கேட்டிருக்கும், தாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே திரும்பிக்கொண்டான். என் கோபத்தை எங்கே கட்டிப்போட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது, அத்தை காலில் போய் விழ வேண்டும் போலவும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. “அத்தை” என்றேன். “ஹால்ல ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு மேஜை போடணும். இடம் பண்ணி வைங்க.” “அங்க அவன் ஈஸி சேர் இருக்கேம்மா.” “தெரியும்.” அவர் ஃபோனைத் துண்டிக்கவில்லை. எங்கோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், ஏனென்றால் காலடிச் சத்தம் தூரப் போயிற்று, பிறகு கனமான ஒரு நாற்காலி மொசைக் தரையில் கர்கர்ரென்று இழுபடுவது கேட்டது, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் இழுபட்டது.